பின்பக்கம் காலி

லியோவுக்குக் கடல் தெரியும். பனிக்கட்டி மிதக்கும் வளைகுடா, திமிங்கிலம் புரளும் வடகடல் என்று மொழிபெயர்ப்பு நாவல்களில் அவன் போகாத கடல் இல்லை. நிஜத்தில், மணமேல்குடிக் கடற்கரையில் முழங்கால் வரை இறங்கி, ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியதோடு சரி. வேலை திருமயத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே ரோஜாப்பூவை வைத்து பேனர் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் ஏதாவது ஒரு மூடுபனிக்குள் நடந்துகொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவன் போர்ப்படகு செய்யக் கிளம்பியதற்குக் காரணம் ஷர்லி. இரண்டு வருடக் காதல். அவளுடைய அப்பா ஜெபமாலை கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று ஆவூரில் இருந்தார். பெண் கேட்டு வந்தவர்களைக் காபி ஆறுவதற்குள் அனுப்பிவைப்பவர் என்று பேர்.

"வேலை, சம்பளம்னு ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவாரு. அவரு இருந்த படகைப் பத்திப் பேசினாத்தான் ஒக்காருவாரு" என்றாள் ஷர்லி.

"எனில், அந்தப் படகையே அவர்முன் கொண்டுவந்து நிறுத்துவேன்."

"மொதல்ல மனுசன் மாதிரி பேசு. எங்கப்பா முன்னாடி 'எனில்'னு சொல்லித் தொலைச்சிராத."

உலகத்தில் யாருக்கும் வேண்டாத படகாக இருந்தது அது. வெளிநாட்டில் வாங்கி, கொஞ்ச காலம் கரையோர ரோந்துக்கு ஓட்டிவிட்டு, உடைத்துப் போட்டுவிட்டார்கள். அதன் பெயரை இணையத்தில் தேடினால் ஒரு சோப்புதான் வந்தது. பல நாள் தோண்டிய பிறகு ஒரு புகைப்படம் கிடைத்தது. அதில் ஓர் அதிகாரியின் தொப்பிதான் தெளிவாக இருந்தது. படகு அந்தத் தொப்பிக்குப் பின்னால் மங்கலாக ஒளிந்திருந்தது.

மாதிரிக் கப்பல் செய்கிறவர்களின் குழு ஒன்றில் அந்தப் படத்தைப் போட்டான். போலந்திலிருந்து மாரெக் என்பவர் பதில் எழுதினார். நீலம் கலந்த சாம்பல் நிறமா, பச்சை கலந்ததா என்று இருவரும் வாரக்கணக்கில் விவாதித்தார்கள். சாம்பல் புதனன்று சர்ச்சில் சாமியார் நெற்றியில் பூசிவிட்ட சாம்பலைக்கூட லியோ கண்ணாடியில் உற்றுப் பார்த்து, இது இல்லை என்று தள்ளினான்.

பிரச்சினை படகின் பின்பக்கத்தில் வந்தது. படத்தில் அங்கே பெட்டி மாதிரி ஒன்று, அதன்மேல் குழாய் மாதிரி ஒன்று. ஏதோ ஓர் அறை என்றார் மாரெக். பின்னால் என்ன இருந்தது என்று அப்பாவிடம் நைசாகக் கேட்கச் சொல்லி ஷர்லிக்குச் செய்தி அனுப்பினான். சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது: "பின்னாடி காலி. அப்பா அடிச்சுச் சொல்றாரு."

லியோ மாரெக்குக்கு எழுதினான்: பின்தளம் வெறுமையானது. என்னிடம் நேரடி சாட்சி உண்டு. நீங்கள் பார்ப்பது படத்தில் விழுந்த கறை. மாரெக் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குப் பூராவும் லியோ ஒரு வரலாற்று ஆய்வாளனின் நடை நடந்தான். அந்தத் தோரணையில், ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெயரைப் பெண்ணின் படத்துக்குக் கீழே போட்டுவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடையில் மிஞ்சிய சன்போர்டு அட்டையை வெட்டிப் படகின் உடல் செய்தான். பேனா ரீஃபில் பீரங்கியானது. குண்டூசிகள் கைப்பிடிக் கம்பிகளாயின. பின்தளத்தை மட்டும் வழவழவென்று தேய்த்து வெறுமையாக விட்டான். அந்த வெறுமையில் ஒரு துயரம் இருப்பதாகக்கூட அவனுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆவூருக்குப் போனான். ஷர்லி "தெரிஞ்சவங்கப்பா, படகு செய்யுறவங்க" என்றாள். ஜெபமாலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டார் என்பதே லியோவுக்குப் பாதி வெற்றி.

"பீரங்கி சரியா இருக்குங்களா சார்?"

"யாரு கண்டா. நான் அங்கிட்டுப் போனதே இல்ல."

அவருடைய விரல் நேராகப் பின்பக்கம் போய் நின்றது.

"காலி எங்க?"

"காலியாத்தான் விட்டிருக்கேன் சார்."

"அதைத்தான் கேக்குறேன். காலி எங்க?"

"இதோ, இங்கயிருந்து இது வரைக்கும் காலி சார்."

"எங்கய்யா இருக்கு? ஒண்ணுமே இல்லையே!"

"ஒண்ணுமே இல்லாததுதானே சார்…"

அப்போது ஷர்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, காலியில சீனி இருக்கா?"

லியோ பின்தளத்திலிருந்து விரலை எடுத்தான். போன வருடம் அவள் "அம்மா காலியில இருக்காங்க, அப்புறம் பேசுறேன்" என்று ஆங்கில எழுத்தில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. கத்தோலிக்க வீட்டு அம்மாவுக்குக் காளி கோயிலில் என்ன வேலை என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தவன் அவன். கப்பலில் சமையலறைக்கு ஆங்கிலத்தில் கேலி (galley) என்று பெயர். ஜெபமாலையின் வாயில் அது காலியாகி, வீட்டு அடுப்படிக்கும் அந்தப் பெயரே நிலைத்திருந்தது.

"நான் அந்தப் படகுல குக்கு" என்றார் ஜெபமாலை. "காலியை விட்டு வெளிய வந்தா எனக்கு வாந்தி வந்துரும். என் படகுன்னா அந்த ரூம்புதான். அதைப் போயி தேச்சு விட்டுருக்க."

லியோ படகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"படகு செய்யுறவராம்" என்று அவர் மகளைப் பார்த்தார். "எதுக்கு வந்திருக்காருன்னு எனக்குத் தெரியாதா? அடுப்படியே இல்லாம கட்டுறவன் வீட்டுல நீ எங்க சமைப்ப?"

"நான் எதுக்குச் சமைக்கணும்? கப்பல்ல ஆம்பளை நீங்கதானே சமைச்சீங்க."

ஜெபமாலை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு லியோவிடம், "ஒனக்கு என்ன சமைக்கத் தெரியும்?" என்றார்.

"முட்டை அவிப்பேன் சார்."

"எந்திரி. காலிக்கு வா."

உள்ளே அவன் கையில் ஒரு தட்டு வெங்காயத்தைக் கொடுத்தார். அவன் உரிக்க உரிக்க, அவர் அந்தச் சின்ன அடுப்படியிலேயே படகைக் கட்டிக் காட்டினார். "இங்கிட்டு அடுப்பு. அங்கிட்டுத் தண்ணி டிரம். நடுவுல நான் திரும்பினா முதுகு இடிக்கும். மேல புகைக்குழாய். பாத்துக்க." லியோவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருந்தாலும் வெங்காயக் கையால் சாண் போட்டு எல்லாவற்றையும் அளந்துகொண்டான்.

கிளம்பும்போது படகை அவன் கையிலேயே கொடுத்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை காலியோட கொண்டா. ஒங்கப்பா அம்மாவையும் கூட்டிட்டு வா. காபியெல்லாம் வேணாம், சாப்பிட்டே போகட்டும்."

பஸ்ஸில் மடியில் படகை வைத்துக்கொண்டு மாரெக்குக்கு எழுதினான்: அது கறை இல்லை. சமையலறை. மன்னிக்கவும்.

மாரெக் உடனே கேட்டார்: சாட்சி தவறாகச் சொல்லிவிட்டாரா?

சாட்சி சரியாகத்தான் சொன்னார், நான்தான் தமிழில் படித்துவிட்டேன் என்று எழுதினான். போலந்துக்காரருக்கு இது எப்படிப் புரியும் என்று நினைத்து அழித்தான். அதற்குள் அவருடைய அடுத்த கேள்வி வந்திருந்தது: உள்ளே என்ன வாசனை இருந்திருக்கும் என்று ஏதேனும் தகவல் உண்டா?

லியோ விரல்களை முகர்ந்து பார்த்தான். வெங்காயம் என்று எழுதினான்.