பதினொரு மணிக் காற்று

மாமனாரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள் மருமகள். காலையிலிருந்து கூடத்துக்குள் உப்பிக்கொண்டிருந்த ஜன்னல் துணி சட்டென்று அடங்கியது. பிறகு மெல்ல வெளியே போய், கடலைப் பார்த்து நீண்டது.

அன்று விடிகாலையில் கடற்கரை அறிவிப்புப் பலகையில் காற்று நிலவரத்தைச் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்து, காபி கேட்டு, அது வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்ட மனிதர். முப்பது வருஷமாக அதுதான் அவர் வேலை. காற்றடைத்த பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுகிறவர்களும் பாய் கட்டிய பலகையில் போகிறவர்களும் அதைப் படித்த பிறகே தண்ணீரில் கால் வைப்பார்கள். எல்லோருக்கும் அவர் 'காத்துக்காரர்'. நடுவில் காற்று திரும்பினால் அவரே போய் மாற்றி எழுதுவார். இன்றைக்கு யார் மாற்றுவது?

அந்தத் துணியால் இருவருக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அவள் ஆசைப்பட்டுக் கனத்த திரையாக வாங்கி மாட்டினாள். மறுநாளே அவர் அதைக் கழற்றிவிட்டு, பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

"துணி உள்ள வந்தா கடல்காத்து, பயமில்ல. வெளிய போச்சுன்னா கரைக்காத்து. ஒருத்தரும் இறங்கக் கூடாதும்மா."

"இது வீடா, வானிலை ஆபீஸா மாமா?" என்று அவளும் விட்டதில்லை. அலைமேல் போகும் பலகைகளை வாடகைக்கு விடும் கடை அவளுடையது. கரைக்காற்று நாளில் கடல் குளம் மாதிரி கிடக்கும். கூட்டமும் அன்றைக்குத்தான் வரும். அன்றைக்குப் பார்த்து 'வேண்டாம்' என்று எழுதிவைப்பார் மனிதர்.

கணவனின் தோளைத் தொட்டாள். "துணியப் பாருங்க."

பார்த்தான். மீட்புப் படகு ஓட்டுகிறவன் அவன்தான். உடனே எழுந்தான்.

"அப்பாவ எடுக்கப்போற நேரத்துல ரெண்டு பேரும் எங்கடா போறீங்க?" என்றார் பெரியப்பா. அதற்குள் இருவரும் படி இறங்கியிருந்தார்கள். ஓடினார்கள்.

கரையில் ஐந்தாறு பேர் பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். வெகுதூரத்தில், வெட்டிப்போட்ட நகம் போல ஒரே ஒரு பாய் தெரிந்தது. அவன் படகைத் தள்ளினான். அவள் அறிவிப்புப் பலகை முன்னால் போய் நின்றாள்.

'காற்று பதினாறு நாட். அலை இடுப்பளவு. இறங்கலாம்.'

அவருடைய சாய்ந்த எழுத்து. இனிமேல் அவர் எதையும் எழுதப்போவதில்லை. அவளுக்குக் கை எழவில்லை. தூரத்துப் பாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கறுப்புச் சட்டைக் கையாலேயே அழுத்தித் துடைத்துவிட்டு 'வேண்டாம்' என்று எழுதினாள்.

"என்னங்க, தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு, காத்தும் அருமையா இருக்கே" என்றான் பட்டக்காரன் ஒருவன். அவளே நூறு தடவை மாமனாரிடம் சொன்னதுதான்.

"போறதுக்குக் காத்து இருக்கு. திரும்பி வர்றதுக்கு இல்ல."

நூறு தடவையும் அவர் சொன்ன பதில். பட்டக்காரன் கடலைப் பார்த்தான், பட்டத்தின் காற்றைத் திறந்துவிட்டான்.

படகு திரும்பும்வரை அவள் உட்காரவில்லை. நல்லவேளை, அந்தக் கனத்த திரையைக் கழற்றிப் போட்டீர்களே மாமா, நல்லவேளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அரைமணி கழித்துப் படகிலிருந்து ஒரு பெண் நடுங்கிக்கொண்டே இறங்கினாள்.

"பலகையப் படிச்சிட்டுத்தாங்க போனேன். திடீர்னு காத்து மாறிடுச்சு. எப்படித் திருப்பினாலும் கரை தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. நான் மாட்டிக்கிட்டது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க மாமா சொன்னாரு."

"அவருக்கு ஒரு நன்றி சொல்லணுமே. எங்க இருக்காரு?"

"வாங்க. வீட்லதான் இருக்காரு."

கூடத்தில் அந்தப் பெண் ஈர உடையோடு, கைகூப்பி வெகுநேரம் நின்றாள். காலடியில் கடல்தண்ணீர் தேங்கியது. பெரியப்பா எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார்.

"சட்டைக் கையெல்லாம் வெள்ளையா இருக்கே, தட்டிவிடட்டா?" என்று நாத்தனார் மருமகள் பக்கம் குனிந்தாள்.

"இருக்கட்டும்" என்று அந்தக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள் மருமகள்.