எட்டில் முடியும் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டி தொடங்கும். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, மகள் கவிநிலாவைத் தூங்கவைத்துவிட்டு, தாட்சாயிணி போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்கு வந்துவிடுவாள். போனில் ஆடும் போக்கர் சீட்டாட்டம், ஆனால் காசு வைத்து ஆடுவதில்லை. அதையெல்லாம் சட்டம் போட்டு நிறுத்தியாகிவிட்டது. இது வெறும் விளையாட்டுச் சில்லு. நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். கடைசிவரை நிற்பவருக்குத் திரையில் ஒரு கோப்பை மின்னும், அவ்வளவுதான். "கோப்பைய எங்க வெக்கறது, அலமாரில எடமில்லையே" என்று அவள் கணவன் ஆதவன் கிண்டல் செய்வான்.

மூன்று வாரமாக அவள் கோப்பைக்காக ஆடவில்லை.

முதல் ஞாயிறு, திரையில் தெரிந்த அவள் மேஜையில் 'வி.வி.27' என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் பந்தயம் வைத்த முறைதான் அவள் கண்ணில் பட்டது. எல்லோரும் நூறு, ஐநூறு, ஆயிரம் என்று வைக்கும்போது அவர் நூற்றெட்டு வைத்தார். அப்புறம் ஐநூற்றெட்டு. அப்புறம் ஆயிரத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் கடிகாரம் தீர மூன்று வினாடி இருக்கும்வரை விட்டுவிட்டுத்தான் தொட்டார். உலகத்தில் அப்படி ஆடுகிறவன் ஒருத்தன்தான் உண்டு. அவள் அண்ணன் அருணேஷ்.

திருவண்ணாமலையில் கோயிலை ஒட்டிய தெருவில் அவள் பிறந்த வீடு. அப்பா சாம்பமூர்த்தி குருக்கள் அந்தக் கோயிலில் பூஜை செய்கிறவர்; அண்ணனும் இப்போது அங்கேதான். பள்ளிக்கூட லீவில், அப்பாவும் அம்மாவும் கோயிலில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அண்ணனும் தங்கையும் மாடி அறையில் புளியங்கொட்டையைச் சில்லாக வைத்துச் சீட்டாடுவார்கள். அருணேஷ் கொட்டையை எண்ணிப் பிரிக்கும்போதே ஆளுக்கு நூற்றெட்டு என்றுதான் பிரிப்பான். அர்ச்சனைக் கணக்கு கையோடு வந்துவிட்டது.

கூடப் படித்த ஆதவனை அவள் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் ஆகிறது. வேறு சாதி. கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை பயிர் செய்கிற குடும்பம். கல்யாணத்தன்று அப்பா தலைமுழுகிவிட்டு வந்து, எனக்கு ஒரு பிள்ளைதான் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை, தேடவுமில்லை. தினம் பஸ்ஸேறி டவுனைத் தாண்டி, செங்கம் ரோட்டில் ஒரு விடுதிக்கு வேலைக்குப் போகிறாள். வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோயிலுக்கு வழி சொல்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மட்டும் போனதில்லை. அண்ணனுடைய நம்பர் மனப்பாடம். எத்தனையோ நாள் ஒன்பது எண் வரைக்கும் அழுத்திவிட்டு நிறுத்தியிருக்கிறாள்.

இப்போது ஞாயிறு தோறும் அவன் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். முகம் இல்லை, குரல் இல்லை. ஒரு பெயரும் எட்டில் முடிகிற எண்களும் மட்டும். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது, இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை.

சிக்கல் ஒன்றுதான். போட்டியில் சில்லு தீர்ந்தால் ஆள் வெளியே. அருணேஷ் எப்போதும் சீக்கிரம் கரைந்துவிடுவான். சில்லு குறைந்ததும் மிச்சம் மொத்தத்தையும் தள்ளி ஆல்-இன் என்பான். தள்ளுகிறவனுக்கு ஜெயிக்க இரண்டு வழி. எதிராளி பயந்து சீட்டைப் போட்டுவிடலாம், இல்லாவிட்டால் தன் சீட்டே பெரிதாக இருக்கலாம். அதற்கு ஈடாகச் சில்லு வைத்து 'கால்' பண்ணுகிறவளுக்கு ஒரே வழி, சீட்டு பெரிதாக இருந்தே ஆகவேண்டும். அதனால் தள்ளுவதற்குப் போதுமான சீட்டு கால் பண்ணப் போதாது. இதைப் புளியங்கொட்டை காலத்திலேயே இரண்டு பேரும் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்திருந்தார்கள். போன இரண்டு வாரமும் அவன் தள்ளியபோது அவள் கையில் சுமாரான சீட்டு இருந்தது. போட்டுவிட்டாள். சரியான ஆட்டம்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள்.

இந்த வாரம் அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு ஆட்டத்தில் மேஜையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் சீட்டைப் போட்டுவிட, இருவர் மட்டும் மிச்சம். அருணேஷ் மூன்று வினாடி இருக்கும்போது ஏழாயிரத்துச் சொச்சத்தை மொத்தமாகத் தள்ளினான். அவளிடம் முப்பதாயிரம் இருந்தது. கையில் இரண்டு ராஜா. யோசிக்கவே தேவையில்லாத கால். பத்துக்கு எட்டு தடவை அவள்தான் ஜெயிப்பாள்.

ஜெயித்தால் அந்தப் பெயர் திரையிலிருந்து போய்விடும். அடுத்த ஞாயிறுவரை.

கடிகாரம் இருபது, பத்து, ஐந்து என்று இறங்கியது. அவள் சீட்டைப் போட்டாள். போட்ட பிறகு, ஏனென்று அவளுக்கே தெரியாமல், 'காட்டு' என்ற பொத்தானையும் தொட்டாள். இரண்டு ராஜாவும் எல்லோருக்கும் தெரியும்படி மல்லாந்தன.

ஓரமாக இருந்த அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்தது. வி.வி.27 இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை.

"ஏன் கால் பண்ணல?"

அடுத்த வரி வந்தது.

"பேரைப் பார்த்த அன்னிக்கே தெரியும்."

அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'புளியங்கொட்டை'. அதை வைத்துத்தான் அவன் இந்த மேஜைகளைத் தேடி வந்திருக்கிறான். அவள் தட்டுத்தடுமாறி 'பயமா இருந்துச்சு' என்று எழுதி முடிப்பதற்குள் மேஜை கலைந்துவிட்டது. ஆள் குறைந்ததால் ஆட்டக்காரர்களை வேறு மேஜைகளுக்குப் பிரித்துவிட்டார்கள். புது மேஜையில் எல்லாம் தெரியாத பெயர்கள்.

அவள் ஆட்டத்தை மூடினாள். பத்து எண்ணையும் அழுத்தினாள்.

நாலாவது தடவை மணி அடித்தபோது எடுத்தான். பின்னால் மிக்ஸி ஓடி நிற்கிற சத்தம் கேட்டது.

"அண்ணா" என்றாள்.

"சொல்லுங்கோ" என்றான் அருணேஷ். வேற்று ஆளிடம் பேசுகிற குரல். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. "அபிஷேகத்துக்குக் கேட்டேளே, அதானே? செவ்வாக்கெழமை வாங்கோ. காலம்பற ஆறரைக்கு நான் அம்மன் சந்நிதியிலதான் இருப்பேன். கொழந்தை இருக்கில்லையா, அவளையும் கூட்டிண்டு வாங்கோ."

குழந்தை பெண் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"யாருடா?" என்று தூரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. நீலாம்பாளின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஏழு வருஷம்.

"அபிஷேகத்துக்கு வர்றவாம்மா. கீழ்பென்னாத்தூர்."

அவன் போனை வைத்துவிட்டானோ என்று தாட்சாயிணி திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"கொழந்தையைப் பட்டினியா கூட்டிண்டு வரவேண்டாம்னு சொல்லு" என்றாள் நீலாம்பாள். குரல் இப்போது பக்கத்தில் இருந்தது. "பால் குடுத்துட்டுக் கூட்டிண்டு வரச்சொல்லு. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."

"கேட்டுதா?" என்றான் அருணேஷ்.

"கேட்டுதுங்க" என்றாள் அவள். ஏழு வருஷத்தில் அவள் பேச்சும் மாறியிருந்தது.

உள்ளே ஆதவன் விழித்துக்கொண்டு, குழந்தை மேல் ஒரு கையைப் போட்டபடி படுத்திருந்தான். செவ்வாய்க்கிழமை காலை கோயிலுக்குப் போகவேண்டும், வண்டியில் கொண்டுபோய் விடமுடியுமா என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை.

"நான் வெளியவே நிக்கட்டுமா?" என்றான்.

அதைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அப்பா அன்றைக்கு எங்கே இருப்பார் என்றும் அவளுக்குத் தெரியாது.

"இல்லங்க. நீங்களும் உள்ள வாங்க" என்றாள்.

அப்படியானால் வண்டியை நிறுத்திவிட்டு வர நேரம் வேண்டும், ஐந்து மணிக்கே கிளம்பவேண்டும் என்று ஆதவன் சொன்னான். அவள் கவிநிலாவின் நல்ல பாவாடை எங்கே இருக்கிறது என்று தேடப் போனாள்.