ஞாயிற்றுக்கிழமை முத்தம்

குழந்தையைக் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் களிம்பு தடவி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைக் கைகால்களில் சுற்றி, அதன்மேல் உலர்ந்த துணியும் சுற்ற லெசியேலிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு மாதம் விடாமல் செய்ததில் மனாசேயின் கரப்பான் அடங்கியிருந்தது. பிறந்து ஐந்து மாதத்தில் இப்போதுதான் அவன் கன்னத்தில் நீர் வடியவில்லை.

"வாயோரம் கொப்புளம் இருக்கிறவங்க யாரும் இவனுக்கு முத்தம் குடுக்கக் கூடாது. இந்தத் தோலுக்கு அது நெருப்பு" என்று கிளினிக் நர்ஸ் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

ஞாயிறன்று மாங்கேரே தேவாலய வாசலில் லோசலினே எதிரே வந்தாள். புருஷன் விலியாமியின் மூத்த அக்காள். டோங்கா தீவுக்காரர் வீடுகளில் அப்பாவின் அக்காள் கேட்டு யாரும் இல்லையென்று சொன்னதில்லை. மனாசேக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். அவளுடைய கீழுதட்டில், சிவப்புச் சாயத்துக்கு அடியில், ஒரு பொருக்கு இருந்தது. லெசியேலி அதைப் பார்த்தாள்.

"என்னடி, என் மருமகனைப் பொட்டலம் கட்டி வச்சிருக்க? சந்தையில விக்கப் போறியா?" என்று லோசலினே கையை நீட்டினாள்.

குழந்தைக்குச் சளி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் லெசியேலி பிள்ளையை நீட்டினாள். லோசலினே கன்னத்தில் மூக்கைப் பதித்து ஆழமாக மோந்தாள். பிறகு கண்ணோரம்வரை முத்தமிட்டாள். குழந்தை சிரித்தது.

வியாழக்கிழமை காய்ச்சல் கண்டது. கன்னமெங்கும் குத்தியெடுத்ததுபோல் ஒரே அளவில் புண்கள். கிளினிக்கில், வாயோரம் கொப்புளம் உள்ளவர்கள் யாராவது முத்தம் கொடுத்தார்களா என்று கேட்டார்கள். விலியாமி பக்கத்தில் நின்றான். லெசியேலி இல்லை என்றாள். சாதாரணச் சீழ்ப்புண் என்று அதற்கான மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த 'இல்லை' எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று அவள் பிறகு யோசித்தாள். பயம்கூட இல்லை. நாத்தனாரைத் தலைகுனிய வைக்காதவள் என்ற பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மனாசேயின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே லோசலினே அவன் காலைப் பிடித்தபடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"அண்ணி குடுத்தாங்க" என்றாள் லெசியேலி. "உதட்டுல புண்ணு இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுதான் பிள்ளையைக் குடுத்தேன்."

உடனே வேறு மருந்து ஏற்றினார்கள். கண் டாக்டரும் வந்து பார்த்தார். புண் கருவிழிவரை போய்விட்டது, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

லோசலினேயின் விரல்கள் உதட்டுக்குப் போயின.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா, லெசியேலி?"

தொட்டிருக்கமாட்டாள். அது லெசியேலிக்குத் தெரிந்தது. அன்று வாசலிலேயே தெரிந்திருந்தது என்றும் தோன்றியது. கதவோரம் நின்றிருந்த விலியாமி அக்காளின் பையை எடுத்துக்கொண்டு அவளை வெளியே கூட்டிப்போனான். மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

குழந்தை கண்ணைச் சொறிந்துவிடாமலிருக்க நர்ஸ் அவன் கைகளில் துணி சுற்றத் தொடங்கினாள்.

"குடுங்க, நான் சுத்துறேன்" என்று லெசியேலி எழுந்தாள்.