இரண்டாவது பிரேக்

"பின்னாடி சீட்டுல படுக்க வெச்சிரலாம்மா, அதான் வசதி" என்று சொல்லிக்கொண்டே வார்டு ஊழியர் காரின் பின்கதவில் கை வைத்தார். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே விரலை மட்டும் ஆட்டினார்.

"முன்னாடியே உக்கார வைங்க" என்றாள் அவர் மனைவி. "பின்னாடி உக்காந்தா என்னைத் திட்டுறதுக்கு அவருக்குத் தோதுப்படாது."

சிரிப்பதா வேண்டாமா என்று ஊழியர் ஒரு கணம் விழித்தார். பிறகு இருவருமாக மாஸ்டரைத் தூக்கி முன்சீட்டில் அமர்த்தினார்கள். தம் கட்டிக்கொண்டு தூக்கப்போனவளுக்கு அந்தத் தம் தேவைப்படவே இல்லை. ஆள் அவ்வளவு இலேசாகியிருந்தார். சீட்டைப் பின்னால் சரித்து, கழுத்துக்கு ஒரு தலையணை கொடுத்து, போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டு, பெல்ட்டை மாட்டினாள். கடைசியாகக் குனிந்து, காலுறை போட்டிருந்த அவருடைய வலது காலை எடுத்து, கால்விரிப்பு தேய்ந்து ஓட்டை விழுந்திருந்த இடத்தில் வைத்தாள். அப்போதுதான் அவர் முகத்தில் இருந்த சுளிப்பு போயிற்று.

காலையில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இன்னிக்கே போயிடுங்கம்மா. நாளைக்குன்னு தள்ளிப் போட வேணாம்." மகள் ஆம்புலன்ஸ் பிடிக்கலாம் என்றாள். அதைக் கேட்டதும் மாஸ்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாலைந்து நாளாக அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே வார்த்தைதான்: வீட்டுக்கு. "என் வண்டியில கூட்டிட்டுப் போறேன், கண்ணு திறந்திருக்கும்போதே வீட்டைப் பாப்பீங்க, அது என் பொறுப்பு" என்று அவர் காதோடு சொல்லியிருந்தாள். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போடச் சொல்லி மகளை முன்னதாகவே ஸ்கூட்டரில் அனுப்பிவைத்தாள்.

சாவியைத் திருகினாள். இரண்டு முறை செருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"மிரர்" என்றார் மாஸ்டர். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதைப் போலிருந்தது.

"பாத்தாச்சு" என்றாள், பார்க்காமலே. காலம்காலமாகச் சொல்லிவரும் பொய்.

வாசலில் மழை விட்டிருந்தது. ஈரச் சாலை முழுக்க மாலை வெயில் படுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே முதல் வேகத்தடை வந்தபோது ஓரக்கண்ணால் கீழே பார்த்தாள். காலுறைக்குள் கட்டைவிரல் அசைந்தது. பாதம் மெல்ல முன்னால் போய், விரிப்பின் ஓட்டைக்குள் தெரிந்த தகரத்தை அமுக்கியது.

"சரி சரி, எனக்கும் தெரியுது" என்றாள். உள்ளுக்குள் தெம்பு வந்துவிட்டது.

மாஸ்டருக்கு ஊரில் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். உழைத்த காலமெல்லாம் அந்தப் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே கழித்தவர் அவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள். அவர் ஓட்டிப் போனதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஸ்டியரிங் பக்கம் உட்காரச் சொன்னால், "அந்தப் பக்கம் உக்காந்தா ரோடே வேற ஊரு ரோடு மாதிரி தெரியுது" என்று நழுவிவிடுவார்.

அவள் அப்போது ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். நாள் முழுக்க நின்றே போட வேண்டும். வேன் ஓட்ட ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் நின்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது உட்கார்ந்து செய்யும் ஒரு வேலை. அதோடு, அந்த விரிப்புகள் போய்ச் சேரும் தெருக்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்த கை வழுக்கியது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "பயப்படாம மிதிங்க. உங்க கால்கிட்ட ஒரு பிரேக் இருக்கு, என் கால்கிட்ட ஒண்ணு இருக்கு. நீங்க மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்."

அதுவரை அவளிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை அவள் அப்படியே நம்பினாள். நம்பியதுதான் வினையாகப் போயிற்று. லைசென்ஸ் பரீட்சையன்று பக்கத்து சீட்டில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மைதானத்தின் ஓரத்தில் கயிற்றுக்கு வெளியே நின்றார். "நிறுத்துங்க" என்றார் அதிகாரி. அவள் காத்திருந்தாள். வண்டி நிற்கும், எப்போதும் நின்றிருக்கிறதே என்று காத்திருந்தாள். முன்னால் வைத்திருந்த தார் டிரம் உருண்டோடிய பிறகுதான், பக்கத்தில் இருப்பது வேறு கால் என்பது உறைத்தது.

இறங்கி நேராகக் கயிற்றுப் பக்கம் போனாள். "மறக்க மாட்டேன்னீங்களே!"

"நான் அமுக்குனேங்க" என்றார் மாஸ்டர். நின்ற இடத்தில் அவருடைய வலது செருப்பு மண்ணில் ஒரு குழி பறித்திருந்தது. "இங்கேருந்து எட்டல."

அடுத்த முறை தேறினாள். தேறிய பிறகும் ரிவர்ஸ் சரியாக வரவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். சரியாக வரவில்லைதான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஒருநாள் அவள் திரும்பிப் பார்த்துப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது, முன்பின் பேச்சில்லாமல், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். வண்டி போய்ச் சுவரில் மோதி நின்றது. அவள் காலும் போடவில்லை, அவர் காலும் போடவில்லை. பதிலுக்காக அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். அவர் கால் மறந்துபோனது அன்று ஒருநாள்தான்.

அந்தப் பின்பக்கச் சொட்டையோடுதான் அந்த வண்டியே அவர்களின் முதல் காராக வீட்டுக்கு வந்தது. ஸ்கூலுக்குப் புது வண்டி வந்ததும் முதலாளி பழையதை இவர்களுக்குத் தள்ளிவிட்டார். பயிற்சி வண்டியை வீட்டுக்குக் கொடுக்கும்போது இரண்டாவது பிரேக்கைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய இடத்தில் ஒரு தகரத் துண்டை வைத்து முடுக்கிக் கொடுத்தார்கள். வாரம் முழுக்க அவள் சலவை வேனை ஒண்டியாக ஓட்டினாள். யாரும் குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் ஏறினால் பக்கத்தில் தகரம் டொக்கென்று சத்தம் போடும்.

"இல்லாத பிரேக்கை ஏங்க போட்டு அமுக்குறீங்க?"

"அமுக்குனதும் வண்டி நிக்குதா இல்லையா?"

"நான் போட்டேன், நிக்குது!"

"அதெப்படி உறுதியாச் சொல்ற?"

பின்சீட்டில், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்ஜின் மாறியது, பெயிண்ட் மாறியது, கால்விரிப்பு எத்தனையோ தடவை மாறியது. ஒவ்வொரு விரிப்பிலும் அதே இடத்தில் ஓட்டை விழுந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மனசே ஆறாது. "ஒரே ஒரு தடவை அந்தக் காலைச் சும்மா வெச்சுக்கிட்டு வாங்களேன். செத்தாவது போயிடறேன், நிம்மதியா" என்பாள். "நீ நல்லா ஓட்டு, நான் ஏன் அமுக்கப் போறேன்" என்பார் அவர். அந்தப் பேச்சு அத்தோடு நிற்கும், அடுத்த ஞாயிறு வரை.

கடைத்தெரு முனையில் ஒரு பஸ் ஒடித்து வந்தது. கால் அசைந்தது, ஆனால் தகரம் சத்தம் போடவில்லை. அடுத்து ஒரு சைக்கிள் குறுக்கே போனது. கால் அப்படியே இருந்தது.

"என்னங்க" என்றாள். திரும்பிப் பார்க்கலாம் என்றால் முன்னால் ஒரு லாரி. யோசித்தெல்லாம் செய்யவில்லை, செய்துவிட்டாள். பிரேக் போடாமல் லாரியின் பின்விளக்கு வரை வண்டியை விட்டாள். பாதம் தூக்கிவாரிப் போட்டதுபோல் எழும்பித் தகரத்தை மிதித்தது. அந்த டொக்கைக் கேட்டுவிட்டுத்தான் தன் பிரேக்கைப் போட்டாள்.

அதன் பிறகு அவள் ஓட்டியதை ஓட்டல் என்றே சொல்ல முடியாது. திருப்பத்தில் வேகத்தைக் கூட்டினாள், வேகத்தடைகளில் கடைசி நொடிவரை விட்டாள். ஒவ்வொரு முறையும் கால் அமுங்கியது. அமுங்கிய ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சிறுபிள்ளைபோல் சந்தோஷமாக இருந்தது. இப்படியே ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருந்தால் இவர் போகவே மாட்டார் என்றுகூடத் தோன்றியது. வெயில் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. தெருவோர மாடியில் காயப்போட்டிருந்த விரிப்புகள் உப்பி உப்பித் தணிந்தன. முதல் நாள் வேனில் ஏறிக் கடைகளையும் ஜன்னல்களையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனபோதும் ஊர் இப்படித்தான் மிதந்தது.

ஒரு வேன் உரசுவதுபோல் பக்கத்தில் வந்தது. ஓட்டியவன் தலையை நீட்டிக் கத்தினான். "யாரும்மா உனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தது?"

அவள் கட்டைவிரலால் பக்கத்து சீட்டைக் காட்டினாள். "இதோ, இவருதான்!"

வேன்காரன் எட்டிப் பார்த்தான். தலையணையையும் போர்வையையும் பார்த்ததும் அவன் முகம் மாறியது. பின்தங்கி வழிவிட்டான். மாஸ்டரின் உதட்டோரம் கொஞ்சம் ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். அது சிரிப்புதான். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

கிடங்குகளின் நீளச் சுவரை ஒட்டிய சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. அதன் கோடியில் ரயில்வே கேட். அதைத் தாண்டினால் வீடு. "வந்துட்டோம், இன்னும் ரெண்டே தெரு" என்றாள். கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்து, குறுக்குக் கட்டை மெல்ல இறங்கத் தொடங்கியது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. இதற்கு அமுக்காமல் இருக்கவே மாட்டார். மூடிய கேட் என்றால் அவருக்கு எமன், நூறு அடிக்கு முன்பே மிதிக்க ஆரம்பித்துவிடுவார். கட்டை இறங்கியது. சிவப்பு கிட்டே வந்தது. அவள் காத்திருந்தாள்.

கடைசியில் அவள்தான் மிதித்தாள். டயர் கிறீச்சிட்டு, குறுக்குக் கட்டைக்குக் கையகலம் இருக்கும்போது வண்டி நின்றது. மாஸ்டரின் தலை ஒருமுறை முன்னால் ஆடி, பெல்ட் பிடித்துக்கொள்ள, தலையணையில் திரும்பச் சாய்ந்தது.

சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். ஓட்டையின் விளிம்பில், விரல்கள் ஒருபக்கம் சரிந்து, சும்மா இருந்தது. வாழ்நாளெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒன்றை இப்போது கொடுத்திருந்தார்.

"அமுக்குங்க" என்றாள். ரயில் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என்னங்க, ஒரு தடவை அமுக்குங்களேன். இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ரயில் போய்விட்டது. கட்டை மேலே எழுந்தது. பின்னால் நின்ற யாரோ ஹாரன் அடிக்கத் தயங்கி, பிறகு லேசாக ஒருமுறை அடித்தார்கள். போர்வையை இழுத்து அவர் கையை மூடினாள். கை இன்னும் சூடாகவே இருந்தது. பிறகு தலையைத் தூக்கி, பின்கண்ணாடியைத் திருத்தி வைத்து, அதில் நன்றாகப் பார்த்தாள்.

மிச்சமிருந்த இரண்டு தெருவையும் பரீட்சைக்குப் போல ஓட்டினாள். திரும்பும் முன் விளக்குப் போட்டாள், ஆளில்லாத முனையிலும் நின்று இருபுறமும் பார்த்தாள். கண் கலங்கும்போதெல்லாம் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ரோடு தெரிய வேண்டுமே. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று. வீட்டைத்தான் காட்ட முடியவில்லை, வீட்டுக்குப் பத்திரமாகவாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

வீட்டு ஷெட் குறுகல். இரண்டு தூணுக்கு நடுவே பின்பக்கமாகத்தான் விட வேண்டும். தூண்களில் அடுக்கடுக்காக எத்தனையோ வருஷத்துப் பெயிண்ட் உரசல்கள். எப்போதும் மாஸ்டர் இறங்கிப் பின்னால் நின்று, "வா, வா, ஒடி, நேராக்கு, ஐயோ நேராக்கு" என்று கத்துவார். அவள் முன்னும் பின்னுமாக நாலு தடவை எடுப்பாள். இன்று அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. ஒடி என்றபோது ஒடித்தாள், நேராக்கு என்றபோது நேராக்கினாள். எந்தத் தூணிலும் படாமல் வண்டி உள்ளே போய் நின்றது.

ஜன்னலோரம் கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்த மகள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். தலையணை உறை கையில் இருக்க, அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா! ஒரே தடவையில உள்ள விட்டுட்டியா? அப்பா, பாத்தீங்களா இத?"

அவள் இன்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் படியிறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. வண்டி நின்று வெகுநேரமாகியும் அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.