சிவப்பு தெரியாத பிலிம்

என் வீட்டுக்காரர் தரணி கதவும் வாசக்காலும் செய்கிற தச்சர். புத்தூரில் வீட்டை ஒட்டியே பட்டறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. யாரோ எந்த தேசத்திலோ செய்வதைப் போனில் பார்த்துப் பார்த்து, கதவு இழைத்து மிச்சமான தேக்குச் சட்டங்களை வைத்துக்கொண்டு ஒரு கேமரா செய்ய உட்கார்ந்துவிட்டார். கையில் அடங்குகிற கேமராவா? அரிசி டின் அளவுக்கு ஒரு மரப்பெட்டி.

ஆர்மோனியத்தில் இருக்கிற மாதிரி அதன் நடுவே மடிப்பு மடிப்பாய் ஒரு துருத்தி வேண்டும். அதைத் தைத்தது நான். ஊர் ஜாக்கெட்டெல்லாம் தைக்கிறவள், இது என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தால், மூன்று தடவை பிரித்துத் தைக்க வைத்தார் இந்த மனுஷன். ஊசிமுனை அளவு வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாதாம்.

சும்மா சொல்லக் கூடாது, பெட்டி அழகாகத்தான் வந்தது. திருப்பதியில் தேடி வாங்கிய பித்தளைத் திருகைத் திருப்பினால் முன்பலகை சத்தமில்லாமல் நகரும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்னால் இருக்கிற, தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடியைப் பார்த்தால் தெருவே தலைகீழாகத் தெரியும். ஆட்டோ மேலே ஓடும், வானம் கீழே கிடக்கும். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் நானே அதற்குள் நின்றிருக்கிறேன்.

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட வந்து குவிகிற ஊர் இது. எக்ஸ்ரே எடுக்கிற ஒருவர் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, மிச்சமிருந்த பிலிம் பெட்டிகளை இவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். அந்த பிலிமைத்தான் கேமராவில் போடுவார். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் குளியலறையில் கழுவுவார். ஒரு படத்துக்கு ஒரு காலைப்பொழுது சரியாகப் போய்விடும். பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் எருமை, டீக்கடை மாஸ்டர், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு நாகலாபுரத்துப் பெரியவர் என்று பதினெட்டுப் படங்கள் பட்டறைச் சுவரில் ஏறின. துருத்தி தைத்தவள் படம் மட்டும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு வருஷமாக என் முகத்தில் வெண்திட்டு. இடது கண்ணோரம் தொடங்கி உதடு வரை இறங்கியிருக்கிறது. வலியில்லை, யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் அளவு கொடுக்க வருகிறவர்கள் என் காதைப் பார்த்துத்தான் பேசுவார்கள். சித்தூரில் என் தங்கை கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டவர், யாரும் கேட்காமலேயே திட்டைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டு, வழவழவென்று ஒருத்தியை என் புடவையில் உட்காரவைத்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அவள் யாரென்றே தெரியவில்லை.

ஊர் எப்படியோ பார்த்துவிட்டுப் போகட்டும். இவருக்கும் என் முகம் வேண்டாமா என்பதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரம்மாவைக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரவைத்தார். படம் முடிந்து அவள் வாயெல்லாம் பல்லாகப் போனதும் எனக்குத் தாங்கவில்லை. நேரே போய் நின்று கேட்டேன்.

"எருமைக்கு இருக்கிற யோகம்கூட எனக்கு இல்லியா? என் மூஞ்சிய சுவத்துல மாட்ட உனக்கு வெக்கமா இருக்குதா? இருந்தா இருக்குதுன்னு சொல்லிடுய்யா."

அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்த பிலிமுக்கு செவப்பு தெரியாது தாட்சா. நம்ம தோல்ல இருக்கிற செவப்பெல்லாம் கறுப்பா வுழுந்துடும். அப்போ அந்தத் திட்டு இருக்கறதவிட பளிச்சுனு தெரியும். பாத்துட்டு நீ அழுவ. அத என் கையால நான் எப்படி செய்யறது? வேற பிலிம் சொல்லி வெச்சிருக்கேன். வரட்டும்னு பாத்துக்கினு இருக்கேன்."

இதை வாயைத் திறந்து சொல்ல இரண்டு வருஷமா? எனக்கு வந்த கோபத்தில் பாதி அப்படியே கரைந்துபோனது. மீதிப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டு, வேறு பிலிமெல்லாம் வேண்டாம், இதிலேயே இப்போதே எடு என்று முக்காலியில் உட்கார்ந்தேன்.

துணிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் தலைகீழாக அங்கே என்ன செய்துகொண்டிருந்தேனோ. பிறகு பிலிமைச் செருகி, லென்ஸ் மூடியை உருவிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இந்தக் கேமராவில் அதுதான் வசதி. எடுக்கிறவர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. அசையாதே, இரண்டு எண்ணுவேன் என்றார். எண்ணுகிற வரைக்கும் என் முகத்தை நேராகப் பார்த்தார், திட்டு இருக்கிற பக்கத்தையும் சேர்த்து.

அன்று குளியலறைக்குள் நானும் போனேன். கழுவிக் காய்ந்த பிலிமைப் படக் காகிதத்தின் மேல் வைத்து ஒரு நொடி வெளிச்சம் காட்டி, காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டார். தட்டில் கிடந்த வெள்ளைக் காகிதத்தில் முதலில் கூந்தல் வந்தது. அடுத்துக் கண்கள், மூக்கு, வலது கன்னம் எல்லாம் கறுத்துக்கொண்டே வந்தன. இடது பக்கம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவேயில்லை. அந்த இடம் மட்டும் காகிதமாகவே நின்றுவிட்டது. இவர் சொன்னதில் ஒரு துளிகூடக் கூடுதல் இல்லை.

அழுதேன். ஆனால் ஆல்பத்தில் பார்த்தவள்போல இவள் எனக்குத் தெரியாதவள் இல்லை. யாருக்கும் பயப்படாத மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நல்லாவா இருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது.

கிழித்துவிடட்டுமா என்று இவர் கேட்டார். கிழித்துப் பார் என்றேன். என் தையல் மெஷினுக்கு மேலே மாட்டப்போகிறேன், அளவு கொடுக்க வருகிறவர்கள் காதைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு இதைப் பார்க்கட்டும் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்டத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"உனக்கு வேற ஒண்ணு போட்டுத் தரேன். இது என்னுது."