பின்னுக்குப் போன மணிகள்

பீலிக்ஸ் அண்ணை சொன்ன புத்திமதிகளில் ஒன்றே ஒன்றைத்தான் மக்டலீன் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை துப்புரவாக்குகிறவளுக்கு, சொன்னதைச் சொன்னபடி செய்வது பெரிய வித்தையல்ல.

பீலிக்ஸ் ஜெர்மனியில், எசன் நகரத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர். ஆற்றுக்கு மேலே மலையில் இருக்கும் சூதாட்ட மண்டபத்துக்குள் காலே வைக்கக் கூடாதென்று மூன்று வருடங்களுக்கு முன்பே அவருக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆள் உள்ளே போக ஏலாது, வாய் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

"இருபத்தொண்டு விளையாட்டு மேசையில இரு. ரண்டில இருந்து ஆறு வரைக்கும் சீட்டு வந்தால் ஒண்டு கூட்டு. ஏழு, எட்டு, ஒன்பது வந்தால் பேசாமல் இரு. பத்து, படச் சீட்டு, ஆசு வந்தால் ஒண்டு கழி. கணக்கு ஏறினால் காசைக் கூட்டி வை. சைபருக்குக் கீழ போனால் கழிவறைக்குப் போறமாதிரி எழும்பிப் போ. வெண்டால் சிரிக்காதை. உதடு அசையக் கூடாது. கையில ஒண்டும் வைச்சிருக்கக் கூடாது, விளங்கிச்சோ? எண்ணுறது மண்டைக்குள்ள மட்டும்."

"ஓம் அண்ணை," என்றாள் மக்டலீன்.

இந்தக் கடைசிப் புத்திமதிதான் அவளுக்கு முடியாமல் போனது. மண்டைக்குள் எண்ணினால் பன்னிரண்டாவது சீட்டிலேயே கணக்கு தொலைந்துவிடும். மன்னாரில் பிறந்தவள், நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எதையாவது தவறாமல் எண்ணியிருக்கிறாள் என்றால் அது செபமாலையில்தான். ஆகவே மேலங்கிப் பைக்குள் இடக்கையை விட்டு, கூட்டுவதற்கு ஒரு மணி முன்னுக்கும் கழிப்பதற்கு ஒரு மணி பின்னுக்கும் தள்ளினாள். சமையலறை மேசையில் ஒத்திகை பார்த்தபோது ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. அட, இது இவ்வளவு லேசா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

சிரிக்கிற காலமல்ல அது. 2007ஆம் ஆண்டு, இலங்கையில் போர். அவளுடைய ஒரே தம்பி யூட்சன் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில், ஒரே அறைக்குள் வேறு நாலு பெடியன்களோடு ஒளிந்திருந்தான். ஊருக்குத் திரும்ப ஏலாது, தெருவில் இறங்கவும் ஏலாது. இறங்கினவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இன்னும் எட்டாயிரம் யூரோ கட்டினால் ஒரு மாதத்தில் ஆளை ஜெர்மனியில் இறக்கித் தருவதாக ஏஜென்ட் சொல்லியிருந்தான். சீட்டுக் கட்டி எடுத்த காசு, நகை, கடன் எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஐந்து பெடியன்களுக்காகவும் அவள் தினமும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டது யூட்சன்தான். "எனக்கு மட்டும் சொல்லாதேங்கோ அக்கா, அறையில இருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்கோ." செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்துகள், ஆளுக்கு ஒரு பத்து. முதல் பத்து அபிராமுக்கு; சைவப் பெடியன் என்றாலும் விருந்தாளி மாதிரி. பிறகு நிலக்ஷன், ஜெனிஸ்ரன், தயாபரன். வீட்டுப் பிள்ளைதானே, கடைசியில் சாப்பிட்டால் போதும் என்று தம்பிக்குக் கடைசிப் பத்தை வைத்தாள். எங்கள் பெண்களுக்கு இந்த உபசாரம் எங்கே போனாலும் விடாது.

முதல் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் போனாள். ஜன்னலில்லாத மண்டபம், காலடி கேட்காத கம்பளம். சீட்டுப் போடுகிற பெண் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பைக்குள் விரல் முதல் பத்தில் ஏறியது. எட்டாவது மணிக்கு வந்ததும் மக்டலீன் காசைக் கூட்டி வைத்தாள். அதன்பிறகு பத்துச் சீட்டுகளும் ராசாக்களும் வரிசையாக வந்து விழ, மணிகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. ஐந்து மணிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் யூரோவோடு படியிறங்கினாள்.

அன்றிரவு செபமாலை சொன்னபோது முதல் பத்தில் ஏதோ பிசகியது. பத்துத் தடவை 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்தாள். விரல் இன்னும் முதல் மணியிலேயே நின்றது. களைப்பு என்று நினைத்துத் திரும்பவும் சொன்னாள். திரும்பவும் அதே மணி.

ஞாயிறு காலை யூட்சன் தொலைபேசி எடுத்தான். "அக்கா, அபிராமைக் காணேல்லை. நேற்று இரவு தேத்தண்ணி குடிக்கப் போனவன், வரேல்லை."

அவள் அழுதாள். அழுதபடியே ஏஜென்ட்டுக்குக் காசை அனுப்பினாள்.

அடுத்த சனி. விட்ட இடத்திலிருந்து தொடங்குவது செபமாலைக்காரியின் பழக்கம். விரல் தானாக இரண்டாவது பத்துக்குப் போனது. அன்றும் இரண்டாயிரம். ஞாயிறு காலை: "அக்கா, நிலக்ஷன்ர பேரைச் சொல்லிக் கதவைத் தட்டினவை. கூட்டிக்கொண்டு போயிட்டினம்." இரவு இரண்டாவது பத்தைத் தொட்டாள். விரல் முதல் மணியைவிட்டு அசைய மறுத்தது.

பீலிக்ஸின் டாக்ஸி நிற்கும் இடத்துக்குப் போய், பணத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். அவருடைய முகம் கறுத்தது.

"ரண்டு நாளும் ரண்டாயிரமோ? இது அப்பிடி வெல்லுற விளையாட்டில்லை, மக்டலீன். எண்ணத் தெரிஞ்சவனும் பத்து நாளில நாலு நாள் தோப்பான். நீ எதால எண்ணுறாய்?"

கையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அவர் செபமாலையைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றார். "முன்னுக்குப் போனால் மன்றாட்டு. பின்னுக்குப் போனால் என்னெண்டு யோசிச்சனியோ?" என்று மெதுவாகக் கேட்டார். "குடுத்ததைத் திருப்பி வாங்குறாய். விட்டிடு."

மூன்றாவது சனி செபமாலையைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு மண்டைக்குள் எண்ணினாள். கூட்டியது எது, கழித்தது எது என்று குழம்பி முந்நூறு யூரோ தோற்றாள். தம்பியின் முகம் கண்முன் வந்தது. கை எப்போது பைக்குள் போனது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் பிறகு தனக்கே சொல்லிக்கொண்டாள். அன்று பின்னுக்குப் போனது ஜெனிஸ்ரனின் பத்து; கைக்கு வந்தது மறுபடியும் இரண்டாயிரம்.

ஞாயிறு யூட்சன் அழுதுகொண்டு பேசினான். அறையில் இரண்டே பேர் மிச்சம். நடுவில் வேறொரு குரல் தொலைபேசியை வாங்கியது.

"அக்கா, நான் தயாபரன். எனக்கும் செபமாலை சொல்லுறீங்களாம். அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவ."

"ஓம் தம்பி," என்றாள்.

அந்தக் கிழமை முழுக்க அவள் தூங்கவில்லை. ஏஜென்ட் வெள்ளிக்கிழமை எடுத்து, திங்கட்கிழமைக்குள் மிச்சம் வராவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். இரண்டாயிரம்தான் மிச்சம். போகாவிட்டால் தம்பி அந்த அறையிலேயே கிடப்பான். கதவைத் தட்டுகிறவர்கள் இன்றில்லாவிட்டால் நாளைக்கு வருவார்கள். போனால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். மக்டலீன் பொல்லாதவள் அல்ல. பொல்லாதவளாக இருந்திருந்தால் சனிக்கிழமை காலை அப்படி வாந்தியெடுத்திருக்க மாட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு பஸ் ஏறினாள்.

தம்பியின் பத்தைப் பெருவிரலுக்கடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் நாலாவது பத்தில் தொடங்கினாள். சின்னச் சீட்டுகள் வந்தன, மணி ஏறியது. ஏழு, எட்டு, ஒன்பது. கையிலிருந்த எல்லாவற்றையும் வைத்தாள். முதல் ராணி விழுந்தது. மணி பின்னுக்கு வர மறுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நிற்கும் பிள்ளையின் கையைப்போல, நூலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மணியில் மனிதச் சூடு இருந்தது. யாரோ அவளுடைய காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தாள், நாற்காலி வெறுமையாக இருந்தது.

சீட்டுப் போடுகிற பெண் அவளுக்காகக் காத்திருந்தாள். மேசையிலிருந்த எல்லோரும் காத்திருந்தார்கள்.

மக்டலீன் இழுத்தாள்.

யூட்சன் ஆவணி மாதம் வந்து சேர்ந்தான். எங்கெங்கோ அலைந்து, ஒரு லொறியின் பின்புறத்தில் படுத்து, பாதி உடம்பாகி வந்தான். அகதி விண்ணப்பம் கொடுத்த பிறகு முதல்முறையாக அவளுடைய சமையலறையில் உட்கார்ந்து, சோறும் மீன்குழம்பும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். அவள் அவனுடைய தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். அழுகையும் வந்தது, ஆறுதலும் வந்தது. இவன் இருக்கிறான், அது போதும் என்று நினைத்தாள்.

கை கழுவிவிட்டு அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்தான். அதில் நாலு தொலைபேசி இலக்கங்கள் இருந்தன.

"அவங்கட அம்மாமார், அக்கா. நான் இங்க வந்தவுடனை நாலு பேரோடையும் கதைச்சனான். நீங்கள் சொன்ன செபமாலையால ஒரு பிள்ளையாவது தப்பிச்சுதெண்டு சொல்லுகினம். உங்களோட ஒருக்காக் கதைக்கவேணுமாம்."

"பிறகு கதைப்பம், தம்பி."

"பாவம், பாத்துக்கொண்டிருப்பினம்." அவன் ஏற்கெனவே இலக்கத்தை அழுத்தத் தொடங்கியிருந்தான். முதலாவது அபிராமின் தாய். மணி இரண்டு தரம் அடித்ததும் எடுத்துவிட்டாள். பக்கத்திலேயே இருந்திருப்பாள் போல. யூட்சன் பேர் சொல்லிவிட்டுத் தொலைபேசியை அக்காவின் கையில் வைத்தான்.

"மக்டலீனோ பிள்ளை?" வயதான குரல், தூரத்திலிருந்து. "நான் கும்பிட்ட சாமியெல்லாம் என்னைக் கைவிட்டிட்டுது. இப்ப உம்மைத்தான் நம்பியிருக்கிறன். என்ர பிள்ளைக்கு இண்டைக்கும் செபமாலை சொன்னனீரோ?"

யூட்சன் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம், அம்மா," என்றாள் மக்டலீன். "சொன்னனான்."