கர்வந்த் கோட்டையின் கதவு

சகுவுக்கு வயிறு காந்தியது. காலையில் குடித்த பாலில்லாத டீ எப்போதோ காணாமல் போயிருந்தது. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அதே கதிதான். பத்தாம் நாள் பிண்டத்தைக் காக்கை தொட்டால்தான் வீட்டில் சோள ரொட்டியும் பருப்பும். அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர்.

காக்கை இல்லாமல் இல்லை. கருவேல மரத்தில் ஏழெட்டு உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. இறங்கத்தான் மாட்டேன் என்றன.

செத்தவனுக்கு மனக்குறை இருந்தால் காக்கை தொடாது. அது தீரும்படி யாராவது வாக்குக் கொடுக்க வேண்டும். சகுவின் தம்பி தத்து, மழித்த தலையோடு முன்னால் போய்க் கும்பிட்டான். கரும்பு வெட்டப் போன இடத்திலிருந்து, அப்பன் கேரபா எரிந்து முடிந்த பிறகு வந்து சேர்ந்தவன். கூரைத் தகரத்தை மாற்றுகிறேன் என்றான். கிழட்டு எருதைச் சந்தைக்கு ஓட்ட மாட்டேன் என்றான்.

"அந்த எருதைக் கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லுடா. உன்னைவிட அதை நம்புவான்," என்றாள் ஜனா அத்தை, செத்தவரின் தங்கை. பின்வரிசையில் சிரித்தார்கள்.

அவளே புகையிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தத்து மறுபடி போனான்.

"அப்பா, உன் பேரப் பசங்களை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ கும்பிட்ட அந்த வாளைக் காட்டறேன்."

ஒரு காக்கை கிளை மாறி உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

சர்க்கரை ஆலை ஓடாத நாட்களில் கேரபா மகளை அந்த மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். வாளுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். சகுவுக்குப் பல்லக்கு. கண்ணாடியில் மூக்கை அழுத்தி, திரைக் கிழிசலுக்குள் ராணி யாராவது உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்ப்பாள். கரும்புச் சோகைக் குடிசைக்குத் திரும்பினால் விளக்கடியில் சரித்திர நாவல். அவர் எழுத்துக் கூட்டி வாசித்து ஓடுகிற குதிரையை நொண்டியடிக்க வைப்பார். ஆறாவது படிக்கிற சகு புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசிப்பாள். முற்றுகையில் அகப்பட்ட ராணிக்காகக் கேரபா துண்டால் கண்ணைத் துடைப்பார்.

அடுத்த வருஷம் அவளுக்குப் பதின்மூன்று. மேஸ்திரி கரும்பு வெட்டப் புருஷன் பெண்டாட்டியாகத்தான் ஆள் எடுப்பான். ஒற்றை ஆளுக்கு வேலை இல்லை. ஜனா அத்தையின் மகனுக்கு ஜோடி தேவைப்பட்டது. சகு பள்ளிக்கூடப் பையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அந்த ராணி ஒம்பது வயசுல பல்லக்குல ஏறினா. உனக்கு டிராக்டர் வந்திருக்கு, ஏறு," என்றார் கேரபா. அன்றைக்கு அவர் துண்டு தோளை விட்டு இறங்கவில்லை.

முப்பது வருஷம் வெட்டினாள். இடுப்பு விட்டுப்போனதும் புருஷன் வேறு ஜோடி பார்த்துக்கொண்டான். அப்பன் வீட்டுக்குத் திரும்பினாள். கண் மங்கிப்போன கேரபாவுக்குக் கஞ்சி ஊற்றினாள், மலம் வாரினாள், கிராம நூலகத்து நாவலை வாசித்தாள். கர்வந்த் கோட்டையை எதிரி வளைத்துக்கொண்டு நிற்கிறான். மகளை வெளியே அனுப்பு, உன்னை உயிரோடு விடுகிறேன் என்று கோட்டைத் தலைவன் ராயாஜிக்கு ஓலை வருகிறது. அதோடு நின்றிருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம்.

கடைசி நாள் விடியும்போது கேரபாவுக்கு மூச்சு இழுத்தது. "கதவு நின்னுச்சா, சகு? அதை மட்டும் சொல்லு."

முந்தின நாளே அடுப்படியில் உட்கார்ந்து அவள் முடித்திருந்தாள். கதவு நின்றது. ராயாஜி அதற்குக் குறுக்கே நின்று செத்தான். மகள் பொழுது விடியும்வரை பீரங்கிக்கு மருந்து திணித்தாள்.

"நிக்கல. ராயாஜியே தொறந்து விட்டுட்டான். பொண்ணை அனுப்பிட்டான்."

கேரபாவின் கை போர்வையைத் துழாவியது. "ஒரு அப்பன் அப்படிச் செய்வானா?"

"செஞ்சிருக்கான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆற்றங்கரையில் தத்துவுக்குத் திடீரென்று நினைவு வந்து, வீட்டுக்கு ஓடிப்போய் அந்த நாவலைக் கொண்டுவந்து பிண்டத்தின் பக்கத்தில் வைத்தான். ஒரு காக்கை இறங்கியது. தத்தித் தத்தி வந்தது. அட்டையைத் தலை சாய்த்துப் பார்த்தது. பிறகு மரத்துக்கே பறந்துவிட்டது.

ஜனா அத்தை சகுவின் பக்கம் திரும்பினாள். "நீதானே வாசிச்ச. முடிச்சியா, பாக்கி வெச்சியா?"

எழுந்துபோய், கதவு நின்றது என்று ஒரு வரி சொன்னால் போதும். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். காக்கைகளும் பார்த்தன.

"முடிச்சிட்டேன்."

"அப்புறம் என்னதான் வேணுமாம் அவனுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? பசிக்குது அத்தை. ஐயரைப் பாக்கச் சொல்லு."

புரோகிதர் தர்ப்பையை முறுக்கி ஒரு காக்கை செய்தார். மூக்கு மாதிரி நுனியை வளைத்துப் பிண்டத்தில் தொட்டார். சாஸ்திரத்துக்கு அது போதும். கூட்டம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தது. சகு புத்தகத்தை எடுத்து, ஈரமான அட்டையை முந்தானையால் துடைத்தாள்.

வீட்டில் மூன்று ரொட்டி தின்றாள். சாயங்காலம் நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கே அவள் பெயரில் பாக்கி எதுவும் இல்லை. கேரபாவுக்கு ஒரு அத்தியாயம் பாக்கி.